மோட்டாரின் மூச்சு

கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்விகளுக்கு வாத்தியார்கள் பயப்படுவது வழக்கம். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளதைக் கேட்பார்கள். விடையும் புத்தகத்திலேயே இருக்கும். கடைசி பெஞ்சுக்காரனோ புத்தகத்தைத் திறவாதவன். ஆகையால் அவன் கேட்பது சாட்சாத் உலகத்தைப் பற்றியதாகவே இருந்து விடுகிறது!

சென்ற மாதம் வாயுக்களின் அழுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். அப்போது அப்படிப்பட்ட பையன் ஒருவன் எழுந்து நின்றான். நோட்டுப் புத்தகத்தின் பின் பக்கங்களில் மோட்டார் வண்டிப் படம் வரைவதே அவனுக்குப் பிரதான தொழில், படிப்பு உபதொழில்.

"ஸார், போர்ஷே 944 டர்போன்னு ஒரு பழைய ஜெர்மன் வண்டி இருக்கு. காற்றை அமுக்கி என்ஜினுக்குள்ளே ஊதுகிற டர்போ அதிலே ஏற்கெனவே இருக்கு. அப்படியும் சில பேர் என்ஜினைக் கழற்றி இரண்டரை லிட்டரை மூணு லிட்டரா ஆக்கறாங்களாம். இன்னும் பலமா ஊதினாப் போதாதா, ஸார்? என்ஜினை எதுக்குப் பெரிசு பண்ணணும்?"

"மிகவும் நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன்" என்று உபாத்தியாயத் தொழிலின் பிரம்மாஸ்திரத்தைப் பிரயோகித்துத் தப்பினோம். அந்த 'நாளை' வந்து சேர மூன்று வாரமாயிற்று. காரணம், கேள்வி அவ்வளவு லேசானதல்ல. தம்முடைய சேமிப்பையும், இனிமேல் எந்தத் தொழிற்சாலையும் செய்யப் போகாத ஒரு யந்திரத்தையும் ஒருவர் பணயம் வைத்துச் செய்யும் காரியத்தைப் பற்றியது அது. நாம் கண்ட விடையை நேயர்களிடமும் சமர்ப்பிக்கிறோம்.

குழலும் பிஸ்டனும்

விறகடுப்புக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். எவ்வளவு நல்ல விறகாக இருந்தாலும் காற்று இல்லாவிட்டால் எரியாது. புகைந்து கண்ணைத்தான் கரிக்கும். மோட்டார் என்ஜினும் ஓர் அடுப்பே. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு எடையில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலைக் கொட்டுவது சுலபம். காற்றைப் புகுத்துவதுதான் கஷ்டம். என்ஜினின் சக்தி என்று நாம் சொல்வதெல்லாம், அது எவ்வளவு காற்றை உட்கொள்ள முடியும் என்பதைப் பொறுத்த விஷயந்தான்.

ஸிலிண்டர் என்பது ஒரு குழல். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. ஏறும்போது அதை அமுக்குகிறது. தீப்பொறி விழுந்ததும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே உதைத்துத் தள்ளுகிறது. மறுபடி ஏறும்போது எரிந்த புகை வெளியே போகிறது. இவ்விதம் பிஸ்டன்கள் எல்லாம் ஒவ்வொரு முறை இறங்கும்போது விடுகிற இடத்தின் மொத்தக் கன அளவைத்தான் 'இரண்டரை லிட்டர்', 'மூன்று லிட்டர்' என்று குறிப்பிடுகிறார்கள். அதுவே என்ஜினின் மார்பளவு.

வீட்டில் வட்டத்தின் பரப்பளவு படித்த குழந்தை இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 944 டர்போவுக்கு நான்கு ஸிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள் விட்டம் 100 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 78.9 மில்லிமீட்டர். பரப்பளவைத் தூரத்தால் பெருக்கி நான்கால் பெருக்கினால் 2,479 கன செண்டிமீட்டர் வரும். ஏறக்குறைய இரண்டரை லிட்டர்.

ஊதுகிறவன் எங்கே?

மார்பளவை மாற்றாமலே அதிகக் காற்றைப் புகுத்த ஓர் உபாயத்தை ஸ்விட்ஸர்லாந்து தேசத்து என்ஜினீயர் ஆல்பிரட் பூஷி என்பவர் கண்டார். 1905-ம் வருஷத்தில் அதற்காகப் பேடண்டு பெற்றார். என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் உஷ்ணமும் வேகமும் நிறைய இருக்கின்றன. அந்தப் புகை வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றட்டும்; அதே அச்சின் மறு முனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளட்டும். டர்போவின் தத்துவம் இவ்வளவே.

ஸ்டுட்கார்ட் நகரத்துப் போர்ஷே கம்பெனியார் 1982-ல் வெளியிட்ட சாதாரண 944 வண்டியின் என்ஜின் 163 குதிரை சக்தி தந்தது. 1985-ல் அதே மார்பளவுள்ள என்ஜினுடன் டர்போவைச் சேர்த்தபோது 220 குதிரை சக்தி கிடைத்தது. 1988-ல் வந்த 'டர்போ எஸ்' என்னும் வண்டியில் அது 250 ஆயிற்று. புகையிலிருந்து குதிரைகளைப் பிடித்துக் கட்டியது போலத்தான்!

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊதுகிற சக்கரத்தைச் சுழற்றுவது என்ஜின் விடும் மூச்சு. என்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த மூச்சு மெல்லியது. சக்கரம் சோம்பிச் சுற்றுகிறது. ஓட்டுகிறவர் திடீரென்று மிதியை அழுத்தினால் முதலில் கொஞ்சம் அதிகமாகப் புகை வர வேண்டும். அது சக்கரத்தை எழுப்ப வேண்டும். சக்கரம் காற்றை அமுக்க வேண்டும். அந்தக் காற்று பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்து இன்னும் அதிகமாகப் புகை வர வேண்டும். அடுப்பை ஊதுகிறவனுக்கு அடுப்பிலிருந்தே மூச்சு வர வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அந்த நிலைமைதான்.

ஆகவே மிதியை அழுத்தியவுடன் சில கணம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிறது. நேர்ச்சாலையில் இது வேடிக்கை. முன்னே போகும் லாரியைத் தாண்டுவதற்காக எதிர்ப்பக்கம் ஏறிவிட்ட பிறகு என்றால், அந்தச் சில கணம் மிகவும் நீளமானது. வளைவின் நடுவில் எதிர்பாராமல் சக்தி வந்து விழுந்தால் வண்டியின் வால் நழுவும். அதிகச் சக்தியுள்ள வண்டி நல்ல வண்டியாகிவிடாது. கேட்டபோது கேட்ட அளவு கொடுப்பதே நல்ல வண்டி.

பலமாக ஊதினால் என்ன?

இப்போது நம் மாணவனுடைய யோசனைக்கு வருவோம். தொழிற்சாலை வைத்த அளவுக்கு மேல் காற்றை அமுக்கினால் சக்தி கூடத்தான் செய்யும். ஆனால் சைக்கிள் பம்பை வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும்: அமுக்கிய காற்று சுடும். வழியில் 'இன்டர்கூலர்' என்னும் கருவியை வைத்துக் காற்றைக் குளிர்விக்கலாம். 944 டர்போவில் அது ஆதியிலிருந்தே உண்டு. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

அளவுக்கு மீறி அமுக்கிச் சூடேறிய கலவை, தீப்பொறியின் ஜ்வாலை தன்னிடம் வந்து சேரும் வரையில் பொறுத்திருப்பதில்லை. ஓர் ஓரத்தில் தானாகவே பற்றிக் கொள்கிறது. மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சப்தம் கேட்கும். அந்தச் சப்தம் ஒவ்வொன்றும் பிஸ்டனின் தலையில் விழும் சம்மட்டி அடி. தொடர்ந்து விழுந்தால் பிஸ்டன் உடையும். அல்லது ஸிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவிலுள்ள காஸ்கெட் கிழியும். 944 டர்போவில் இந்தச் சப்தத்தைக் கேட்டறியும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். சப்தம் எழுந்தால் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, ஊதும் அழுத்தத்தையும் குறைத்துவிடும். கம்பெனியாரே காவல்காரன் போட்டிருக்கும் இடத்தில் நாம் கதவை இடித்துக்கொண்டு போவது உசிதமா?

அதைவிட முக்கியமான ஆட்சேபம் ஒன்றுண்டு. பலமாக ஊதப் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரம் எழுந்திருக்க இன்னும் அதிக நேரம் பிடிக்கும். சக்தி கூடும், காத்திருப்பும் கூடும். வியாதி அப்படியே இருக்க, மருந்துச் செலவுதான் மிச்சம்.

மார்பளவைக் கூட்டுவது

ஆகையால்தான் என்ஜினைப் பெரிதாக்குகிறார்கள். மூன்று லிட்டர் என்ஜின், டர்போ விழிக்காத நேரத்திலும் இரண்டரை லிட்டரைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகக் காற்றை உட்கொள்ளும். அது சொந்த பலம். அதே வேகத்தில் அது வெளிவிடும் புகையும் அந்த அளவுக்கு அதிகமாயிருப்பதால் டர்போவையும் சீக்கிரம் எழுப்பிவிடும். ஒரே மாறுதலில் இரண்டு லாபம். பையன் கேட்ட கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான்.

பெரிதாக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு: ஸிலிண்டரின் உள் விட்டத்தை அகலமாக்கலாம், அல்லது கிராங்கை மாற்றிப் பிஸ்டன் ஓடும் தூரத்தை நீளமாக்கலாம். போர்ஷே கம்பெனியாரே 1989-ம் வருஷத்து மாடலாக டர்போ இல்லாத '944 எஸ்2' என்ற வண்டியை வெளியிட்டார்கள். அதன் விட்டம் 104 மில்லிமீட்டர். தூரம் 88 மில்லிமீட்டர். கன அளவு 2,990. பழைய டர்போவில் விட்டத்தைத் தொடாமல் இந்த 88 மில்லிமீட்டர் கிராங்கை மட்டும் போட்டால் 2,765 கன செண்டிமீட்டர் கிடைக்கும். விட்டத்தையும் 104 ஆக்கினால் முழு மூன்று லிட்டர்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மச்சு கட்டுவதற்கு முன் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டுமல்லவா?

முதலாவது, சுவர். இந்த என்ஜினின் உடல் அலுமினியத்துடன் நூற்றுக்குச் சுமார் 17 பங்கு ஸிலிகன் சேர்த்து வார்த்தது. சாதாரணமாக அலுமினிய என்ஜின்களுக்கு உள்ளே இரும்புக் குழல் வைப்பார்கள், இதில் வைக்கவில்லை. சுவரைக் கடைந்த பிறகு, மேலாக இருக்கும் அலுமினியத்தை மிக மெல்லியதாக நீக்கி, கடினமான ஸிலிகன் மணிகளைத் தலைதூக்கி நிற்கச் செய்கிறார்கள். இரும்புப் பூச்சுள்ள பிஸ்டன் அந்த மணிகளின் மேல் வழுக்கிக் கொண்டு ஓடுகிறது; மணிகளுக்கு இடையே எண்ணெய் தங்குகிறது. இந்த வேலையை எல்லா லேத்துப் பட்டறைகளிலும் செய்துவிட முடியாது. தவிரவும், இரண்டு ஸிலிண்டர் மையங்களுக்கு நடுவிலுள்ள தூரம் மாறாதாகையால், விட்டத்தில் 4 மில்லிமீட்டர் கூட்டினால் நடுவில் அந்த 4 மில்லிமீட்டர் குறைந்துதான் ஆக வேண்டும். மெலிந்த சுவரின் மேல் டர்போவின் அழுத்தம் மோதும்போது சுவர் அசையக் கூடும். அதற்காகச் சிலர் கனத்த இரும்புக் குழல்களைச் செருகுகிறார்கள். வேறு சிலர் ஆதியிலேயே 104 மில்லிமீட்டருக்கென்று வார்த்த உடலைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இரண்டாவது, வேகம். நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் பழைய பிஸ்டன் சராசரியாக ஒரு விநாடிக்கு 15.8 மீட்டர் ஓடியது. 88 மில்லிமீட்டர் கிராங்கைப் போட்டால் 17.6 மீட்டர் ஓட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நின்று, திரும்பி, மறுபடி பாய வேண்டியதால் இணைப்புத் தண்டுகளின் மேல் விழும் இழுப்பும் அதிகமாகிறது. பெரிய நான்கு ஸிலிண்டர் என்ஜின்களுக்கே உரிய நடுக்கமும் கூடும். இந்த நடுக்கத்தை அடக்குவதற்காகவே 944-ல், கிராங்கைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு சமநிலைத் தண்டுகளை வைத்திருக்கிறார்கள். சிரமம் என்று அவற்றைக் கழற்றிப் போடுகிறவர்கள், மிச்சமான சிரமத்தையெல்லாம் ஓட்டும்போது அநுபவிக்கலாம்!

இரண்டு தேக்கரண்டி இடம்

மூன்றாவது விஷயந்தான் நம்மை மிகவும் யோசிக்க வைத்தது. பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ள இடத்துக்கும் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதத்தை அமுக்க விகிதம் என்பார்கள். 944 டர்போவில் அது எட்டுக்கு ஒன்று. ஒரு ஸிலிண்டரின் அளவு 620 கன செண்டிமீட்டர். அப்படியானால் உச்சியில் மிஞ்சும் இடம் சுமார் 88.5.

இப்போது நீளமான கிராங்கைப் போடுகிறோம். பிஸ்டன் மேல் முனையில் நாலரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஏற விரும்பும்; அதற்கு ஏற்றாற்போல் ஊசியின் துவாரத்தை உயர்த்திய புதுப் பிஸ்டன் செய்து, பழைய உச்சியிலேயே நிறுத்துகிறோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஸிலிண்டரின் அளவு 620 அல்ல, இப்போது 691. மிஞ்சும் இடமோ அதே 88.5. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விகிதம் 8-லிருந்து 8.8-க்கு ஏறிவிட்டது. டர்போ வேறு மேலே ஊதுகிறது. முன்னே சொன்ன சம்மட்டி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது!

பரிகாரம் என்ன? உச்சியில் மிஞ்சும் இடத்தை 88.5-லிருந்து சுமார் 98.7 ஆக்க வேண்டும். பத்து கன செண்டிமீட்டர். அதாவது இரண்டு தேக்கரண்டி. ஒருவருடைய பல வருஷச் சேமிப்பு, மறுபடி வார்க்கப்படாத ஒரு யந்திரம், அதை நம்பி வண்டியில் ஏறுகிறவர்களின் பிரயாணம் எல்லாம் இந்த இரண்டு தேக்கரண்டி இடத்தைப் பொறுத்திருக்கின்றன. அதிகக் காற்றுக்குத் தக்கபடி அதிகப் பெட்ரோலும் வந்தாக வேண்டும். பெட்ரோலைத் தூவும் குழாய்களையும் அவற்றை ஆட்டிவைக்கும் மின்சார மூளையின் கணக்கையும் பழையபடியே விட்டுவிட்டால், கலவை வறண்டு, உஷ்ணம் மிகுந்து, பிஸ்டன் உருகிப் போகும்.

தொழிற்சாலை செய்து காட்டியது

இப்படியெல்லாம் கஷ்டம் இருக்கிறதே, பலன் மெய்தானா என்று கேட்கலாம். கம்பெனியாரே அதற்குச் சாட்சி. 944-க்கு வாரிசாக வந்த 968 வண்டியில், மூன்று லிட்டர் என்ஜினுடன் டர்போவைச் சேர்த்து, 1993-ல் '968 டர்போ எஸ்' என்று மிகச் சில வண்டிகள் மட்டும் செய்தார்கள். பழைய டர்போ எஸ், நிமிஷத்துக்கு 4,000 சுற்றில் 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுத்தது. புதியது 3,000 சுற்றிலேயே 500 கொடுத்தது. குதிரை சக்தி 250-லிருந்து 305 ஆயிற்று என்பது பெரிதல்ல. ஆயிரம் சுற்று முன்னதாகவே வண்டி விழித்துக் கொண்டது என்பதே பெரிது.

இதற்கு முன்பும் அவர்கள் இந்தப் பாதையில் நடந்தவர்களே. 1974-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 911 டர்போவுக்கு 2,994 கன செண்டிமீட்டர்; 260 குதிரை சக்தி. 1978-ம் வருஷத்து மாடலில் விட்டத்தை 95-லிருந்து 97 மில்லிமீட்டராகவும், தூரத்தை 70.4-லிருந்து 74.4 ஆகவும் கூட்டி 3,299 ஆக்கினார்கள். சக்தி 300 ஆயிற்று. ஆனால் அத்துடன் நின்றார்களா? காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரைச் சேர்த்தார்கள். 917 என்னும் தங்கள் பந்தய வண்டியின் மாதிரியைக் கொண்டு பிரேக்கையும் பலப்படுத்தினார்கள். ஓட்டத்தைக் கூட்டியவர்கள் அதே கையால் நிறுத்தத்தையும் கூட்டினார்கள். வீட்டுப் பட்டறைக்காரர்கள் அதிகமாக மறப்பது இந்தப் பாடத்தைத்தான். என்ஜின் பெரிதானால் கிளட்சும், பிரேக்கும், உஷ்ணத்தை வெளியேற்றும் ரேடியேட்டரும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

செய்யலாமா, கூடாதா?

944 டர்போ 1991-ல் நின்று போயிற்று. இருக்கும் வண்டிகளெல்லாம் முப்பது வயதைத் தாண்டியவை. ஜெர்மனியில் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'ஹெச்' என்ற எழுத்துடன் சரித்திர வண்டி என்ற நம்பர் தகடு கொடுக்கிறார்கள். ஆனால் அதற்கு வண்டி பெரும்பாலும் மூல நிலையில் இருக்க வேண்டும். என்ஜினை மாற்றினால் பரிசோதகரின் அங்கீகாரமும் தேவை. பழைய பொருளைப் பழைய பொருளாகவே காப்பாற்ற வேண்டுமென்பதில் நியாயம் இருக்கிறது. ஓடுவதற்காகச் செய்த யந்திரத்தை நன்றாக ஓடச் செய்வதிலும் நியாயம் இருக்கிறது.

நமது அபிப்பிராயத்தைக் கேட்டால் இவ்வளவு சொல்வோம். பழைய உடல் சிதையாமல் இருந்தால் அதைக் கடையாதீர்கள். எண்ணெய் பூசி, துணி சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறோர் உடலில் பரீட்சை செய்யுங்கள். ஒரு முறை கடைந்த உலோகம் திரும்பி வராது. பிரேக்குக்குப் பணம் ஒதுக்கிய பிறகு என்ஜினுக்கு ஒதுக்குங்கள். கணக்கு முடிவதற்கு முன் லேத்துப் பக்கம் போகாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தோம். கடைசி பெஞ்சுக்காரன் மறுபடியும் எழுந்து நின்றான்.

"ஸார், அந்த ரெண்டு ஸ்பூன் இடத்தை எங்கே தோண்டுவாங்க? பிஸ்டன் தலையிலேயா, மூடியிலேயா?"

"மிகவும் நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தோம். வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. அதற்குள் அவனே நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். கடைசிப் பக்கத்தில் ஒரு பிஸ்டன். அதன் தலையில் கிண்ணம் போல் ஒரு குழிவு. அதன் பக்கத்தில் பென்ஸிலால் ஒரு வகுத்தல் கணக்கு. 691-ஐ ஏழால் வகுத்து 98.7 என்று போட்டிருந்தான்.

இந்த வருஷத்தில் அவன் சரியாகப் போட்ட முதல் கணக்கு அதுதான். முழு மார்க் கொடுத்தோம்.